விரிசல் விழுந்த டயல்

சந்திரமோகன் சாருக்கு ரயிலில் போகப் பிடிக்காது. ரயில்காரர்களின் பாக்கெட் வாட்ச் என்றால் உயிர். அதுவும் பழைய அமெரிக்க வாட்ச். திருமுல்கேரியில் எங்கள் எதிர் வீடு. பாதுகாப்புத் துறை ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பீரோவில் அவர் வேட்டிகள் இருந்த தட்டை வால்தம், எல்ஜின் கம்பெனி வாட்சுகள் பிடித்துக்கொண்டன. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு வாட்ச் சில நிமிடம் நின்றுபோய் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன, அப்புறம்தான் ரயில்காரர் வாட்ச் துல்லியமாக ஓட வேண்டும் என்ற கண்டிப்பு வந்தது என்று காபி ஆறும்வரை சொல்வார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

ஒரு குணம்தான் எனக்கு ஆகாது. டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் மனுஷருக்குச் சோறு இறங்காது. அதே காலத்து நல்ல டயலைத் தேடிப் பிடித்து மாற்றினால்தான் நிம்மதி.

போன வருஷம் அவர் மனைவி ப்ரியம்வதா மாமியின் அப்பா காலமானார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அவருடைய வால்தம் வாட்சை மாமி கொண்டுவந்து, "ஓடறதான்னு மட்டும் பாருங்கோ" என்று கணவரிடம் கொடுத்தார்.

ஓடியது. ஆனால் வெள்ளைப் பீங்கான் டயலில் குறுக்கே ஒரு விரிசல். சார் சும்மா இருப்பாரா? பழைய பட்டணத்தில் பாஷா பாயின் பழைய வாட்ச் கடையில் சுத்தமான டயல் ஒன்றை வாங்கி மாட்டி, பழையதை அங்கேயே கொடுத்துவிட்டு, மாமியின் பிறந்தநாளன்று வாட்சை நீட்டினார். கேசரி சாப்பிட நானும் போயிருந்தேன்.

மாமி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விரிசல் எங்கேன்னா?"

"போயே போச்சு!" என்று சிரித்தார் சார்.

"அது என் தம்பி ராஜீவ் கீழே போட்டது. அந்த மாசமே ஜுரத்துல போயிட்டான். அதனாலதான் அப்பா கடைசிவரை டயலை மாத்தவே இல்லை." மாமி அழவில்லை. வாட்சை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே சாரும் நானும் கடைக்கு ஓடினோம். "டூட்டா டயல் கைக்கு ஹோனா சாப்?" என்று, உடைந்த டயல் எதற்கு என்பதுபோல் பாஷா பாய் கையை விரித்தார். உடைசல்களை எல்லாம் யாரோ மூட்டையாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அன்றிலிருந்து சார் விரிசல் விழுந்த டயல்களாகவே வாங்கினார். ஒவ்வொன்றையும் மாமியிடம் காட்டுவார். "இது அது இல்லே" என்பார் மாமி. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது. கைவைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

போன வாரம் இன்னொன்றை நீட்டினார். மாமி டயலைவிட அவர் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதேதான்னா. கிடைச்சுடுத்து. இனிமே அலையாதீங்கோ" என்றார்.

மாமி உள்ளே போனதும் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது பெரிய அளவு. அந்த வாட்சுல உட்காரவே உட்காராது. வாங்கும்போதே தெரியும், விட்டுட்டு வர மனசில்லை. எனக்காகப் பொய் சொல்றா."