அது வேற செடியாம்!

என் அக்காவை வேலையிடத்தில் எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பதவியை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவள் வாய்தான் கொடுத்தது. பத்து வருடமாக நகரத்துக் குடிநீர் ஏரிக் கரையில் நானும் அவளும் களை வெட்டுகிறோம். தினக்கூலிதான். இந்த வருடம் ஆஜர் குறையாமல் முடித்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இன்னும் ஒரே மாதம். நடுவில் ஒரு நாள் விட்டாலும் போச்சு.

கிழக்குக் கரை முழுக்கப் பார்த்தீனியம். அதை வெட்டி வெட்டியே அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. டாக்டர் 'பார்த்தீனியம் ஒவ்வாமை' என்று எழுதிக் கொடுத்தார். மேலாளரும் பெரிய மனசு பண்ணி அவளை மேற்குக் கரைக்கு மாற்றினார். அங்கே பார்த்தீனியம் மருந்துக்குக்கூட இல்லை. இருந்ததெல்லாம் மருளூமத்தை, முள்ளுக்காய் துணியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமே, அதுதான். நான்காம் நாள் அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கண் சிவந்து, நெஞ்சு விசிலடித்தது.

வார விடுமுறையன்று மறுபடி டாக்டரிடம் ஓடினோம். அவள் கையில் வரிசையாகச் சொட்டு வைத்து ஊசியால் லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில் இரண்டு இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது. ஒன்று பார்த்தீனியம், இன்னொன்று மருளூமத்தை.

"ரெண்டும் சூரியகாந்தி குடும்பம்மா, அக்கா தங்கச்சி மாதிரி. ஒருத்தியோட மகரந்தத்தைப் பகையா நினைச்சுப் பழகின உடம்பு, இன்னொருத்தி வந்தாலும் அவதான்னு சண்டைக்கு நிக்கும்" என்றார்.

எனக்கே புரிந்தது. அவ்வளவு படித்த மேலாளருக்குப் புரியவில்லை! டாக்டர் கொடுத்த சீட்டை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அது வேற செடி, இது வேற செடி. எனக்கென்ன கண்ணு தெரியாதா? நிரந்தரம் ஆகப்போற நேரத்துல நிழல்ல உக்கார வழி தேடுறியா?"

சொன்னதோடு விட்டாரா? காவலாளியை அனுப்பி மருளூமத்தை ஒரு கொத்து பறித்து வரச் சொல்லி மேசையில் போட்டார். "மோந்து பாரு. என்ன ஆகுதுன்னு நானும் பாக்கறேன்."

"வேணாங்க்கா, வா போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பத்து வருடம் வெயிலில் காய்ந்தவளை நடிக்கிறாள் என்றால் பொறுக்குமா? குனிந்து ஒரு மூச்சு இழுத்தாள். பாவி மனுஷன், அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு திணறும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் போனால், பம்பு அறைக்கு மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது. கூடவே ஒரு லீவு விண்ணப்பம். அந்த இரண்டு நாளும் ஆப்சென்ட்டாம்!

அக்கா பேனாவை வாங்கி, 'காரணம்' என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'மேலாளர் மருளூமத்தையை மோந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.'

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது? மேலிடத்துக்குப் போற காகிதம். காய்ச்சல்னு எழுதிக் குடு, போதும்."

"வராத காய்ச்சலை எப்படி சார் எழுதறது?"

அவர் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டை இழுத்து, இரண்டு நாளுக்கும் ஆஜர் போட்டார். விண்ணப்பத்தை வாங்கக் கை நீட்டினார்.

அக்கா அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நிரந்தர உத்தரவு கைக்கு வரட்டும் சார். அப்புறம் உங்க முன்னாடியே கிழிச்சிடறேன்."