மியூசியத்துக்குத் தராத வண்டி

பெரிய லீவு வந்தால் எங்கள் பள்ளி ஆசிரியைகள் வேளாங்கண்ணிக்கோ மகள் வீட்டுக்கோ கிளம்புவார்கள். நான் பழைய கார் பார்க்கக் கிளம்புவேன். திண்டுக்கல்லில் நான் அறிவியல் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ்வீட்டில் தம்பி குடும்பம், மாடியில் நான். "இந்த வருசமும் ஓட்டை உடைசல் பாக்கத்தானா?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். ஆமாம் என்பேன். விளக்கம் சொல்லிப் பார்த்த காலம் போய்விட்டது.

முதலில் போனது கோயம்புத்தூர் கார் மியூசியம். பழனி வழியாகப் பஸ்ஸில் தனியாகப் போனேன். டிக்கெட் கொடுக்கிற பெரியவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, சாரு வண்டி நிறுத்தப் போயிருக்காருங்களா? ரெண்டு டிக்கெட் போட்டுரட்டுங்களா?"

"சாருன்னு யாரும் இல்லைங்க. ஒண்ணு போதும்."

உள்ளே குறுக்காக வெட்டிய ஒரு இன்ஜின் இருந்தது. பொத்தானை அமுக்கினால் பிஸ்டன் மெதுவாக ஏறி இறங்கும், வால்வுகள் திறந்து மூடும். வருஷக்கணக்காகச் சாக்பீஸால் நான் போர்டில் வரைந்து வந்தது அங்கே கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. காவலாளி பக்கத்தில் வந்து நிற்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அதன்பிறகு நிறுத்தவில்லை. மைசூர்ப் பக்கம் போனேன், ரயிலேறி அகமதாபாத் வரைக்கும் போனேன். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் கியர் உள்ள மோட்டார் சைக்கிள், பின்பக்கமாகத் திறக்கிற கதவு வைத்த கார், பலூன் மாதிரி ரப்பர் ஹாரன் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் கால் வலிக்க நிற்பேன். கூட வருகிறவர்கள் இல்லாததால் "போதும், வா" என்று இழுக்கவும் ஆளில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் வண்டிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேடசந்தூர் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் போட்டார்கள். காலைப் பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். மில் பஸ்ஸில் மில்லுக்காரர்களைத் தவிர வேறு யாரையும் ஏற்ற மாட்டார்கள். சம்பளத்தைச் சேர்த்து ஒரு டூ ஸ்ட்ரோக் பைக் வாங்கினேன். கறுப்பு நிறம், டேங்கில் சிவப்புக் கோடு. வாங்கிக்கொண்டு வந்த அன்று அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டார். "ஆம்பள வண்டிய என் வீட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றார். கொஞ்ச நாள் அது பக்கத்து வீட்டுக் கொட்டகையில்தான் நின்றது. சாகும்வரை அப்பா அதில் ஒருமுறைகூட ஏறவில்லை. நான் சேலை மடிப்பைப் பின் குத்திக்கொண்டு தினமும் போய் வந்தேன். தாடிக்கொம்பில் டீக்கடையை விட்டு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று ஹாரன் அடித்துவிட்டே போவேன்.

போன வருஷம் பள்ளிக்குப் போகும் வழியில் மணலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டோடு கிடந்தபோது தம்பிதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தான், தம்பி மனைவி சோறு ஊட்டினாள். கட்டுப் பிரித்ததும் நான் திரும்ப வண்டியை எடுத்தேன். அன்றிலிருந்து வீட்டில் தினமும் சண்டை.

பிறகு திடீரென்று தம்பி சண்டையை விட்டான். ஒருநாள் சிரித்த முகமாக மாடிக்கு வந்தான். வத்தலக்குண்டு பக்கம் கொடைக்கானல் ரோட்டில் ஒருவர் தென்னந்தோப்புக்குள் வண்டி மியூசியம் கட்டுகிறார், இவனுக்குத் தெரிந்தவர், திறப்பதற்கு முன்னாலேயே எனக்குச் சுற்றிக் காட்டுகிறாராம். "உன் வண்டியவும் பாக்கணும்னாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு ஓட்டிட்டு வா. நாங்க கார்ல வாரோம்." சந்தேகமே வரவில்லை எனக்கு.

இடம் அருமையாக இருந்தது. உரிமையாளர் என்னை விட வயதில் இளையவர். ஒவ்வொரு வண்டியையும் எங்கே தேடிப் பிடித்தார், எந்த ஊர் லேத்தில் எந்த உதிரியைச் செய்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி உலகம் சுற்றிய ஒரு சைடுகார் வண்டியில் என்னை உட்காரச் சொன்னார். எந்த மியூசியத்திலும் தொடக்கூட விட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசி அறையில் ஒரு மேடை காலியாக இருந்தது. பக்கத்தில் புதிதாக எழுதிய பலகை. குனிந்து படித்தேன். 'வேடசந்தூர் வட்டாரத்தில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆசிரியையின் வாகனம். அவருடைய தந்தை அன்புடன் வாங்கிக் கொடுத்தது.'

திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"உனக்குத்தான் மியூசியம்னா உசுராச்சேக்கா. உன் வண்டியே மியூசியத்துல நிக்கப்போகுது. இத விட என்ன வேணும்?"

"அப்பா வாங்கிக் குடுத்தாரா?"

"படிக்கிறவங்களுக்கு நல்லாருக்கும்னு நான்தான் எழுதச் சொன்னேன். செத்தவருக்கும் ஒரு பேரு இருக்கட்டுமே."

"அவருக்குப் பேரு வேணும்னா அவரு ஓட்டுன சைக்கிளக் கொண்டாந்து வையி."

உரிமையாளர் சங்கடத்தோடு குறுக்கே வந்தார். "டீச்சருக்கு எல்லாம் தெரியும்னு தம்பி சொன்னாரு. அதுனாலதான் போர்டு வரைக்கும் போயிட்டேன். அத மாத்தி எழுதிரலாம் டீச்சர், அது ஒரு விசயமே இல்ல."

"மாத்துனாலும் தரமாட்டேங்க."

"நீங்க பாக்காத மியூசியமா? இதுகள எம்புட்டு மரியாதையா வச்சிருக்கேன், பாத்தீங்கள்ல."

"பாத்தேன். கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா அதுகள ஓட்டுனவங்க இன்னைக்கு இல்ல. நான் இருக்கேன். நாளைக்குக் காலைல எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

தம்பி என் மணிக்கட்டைக் காட்டினான். "கை ஒடிஞ்சது மறந்துபோச்சா? இனி ஒண்ணுன்னா யாரு பாக்குறது?"

"நீதான் பாப்ப. போன தடவையும் நீதான பாத்த. நான் இல்லைன்னா சொன்னேன்? அதுக்காக என்னக் கேக்காம என் வண்டியத் தாரேன்னு வாக்குக் குடுப்பியா?"

நான் வெளியே வந்தேன். வாசலில் மெக்கானிக் ஒருவர் என் வண்டியின் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கேனில் வடித்துக்கொண்டிருந்தார். மேடையில் ஏற்றுகிற வண்டியில் பெட்ரோல் இருக்கக்கூடாதாம்.

"அண்ணே, திருப்பி ஊத்துங்க."

அவர் உரிமையாளரைப் பார்த்தார். உரிமையாளர் தலையசைத்தார். மெக்கானிக் குழாயை மாட்டிக் கேனைச் சாய்த்து ஊற்றிக் கொடுத்தார். நான் சேலையைச் செருகிக்கொண்டு கிக்கரை மிதித்தேன். பிடிக்கவில்லை. மறுபடியும் மிதித்தேன். குழாயில் காற்று நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியாது. ஒடிந்து கூடிய கையால் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு மிதி. படபடவென்று பிடித்தது. நீலப் புகை வாசலை நிறைத்து, துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த கார்கள் வரைக்கும் போனது. உரிமையாளர் இருமிக்கொண்டே சிரித்தார். "திறப்பு விழாவுக்கு வந்துருங்க டீச்சர். வண்டியிலயே வாங்க."

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு நெரிசலைத் தாண்டிச் செம்பட்டி ரோட்டில் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தால் தம்பியின் கார். முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. செம்பட்டியில் டீ குடிக்க ஓரங்கட்டினேன். காரும் நின்றது. தம்பி மனைவி மட்டும் இறங்கி வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வண்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மதினி, நான் உங்க கூட வாரேன்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா விழுவோம். காருக்குள்ள உக்காந்து அவரு பொலம்புறதக் கேக்க முடியல."

டீயைக் குடித்துவிட்டுப் பின்னால் ஏறி ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கண்ணாடியை இறக்கி, "ரெண்டு பேரும் எங்கிட்டோ போங்க" என்று சொல்லிவிட்டு எங்களைத் தாண்டிப் போய்விட்டான். வழியெல்லாம் அவள் கத்திக் கத்திக் கேள்வி கேட்டாள். கியர் எது, பிரேக் எது, இந்தப் புகை ஏன் நீலமாக வருகிறது. நானும் கத்திக் கத்திப் பதில் சொன்னேன். பூந்தோட்டங்களைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்தேன்.

தம்பி கிறிஸ்துமஸ் வரைக்கும் என்னோடு பேசவில்லை. கேக் கொடுக்க மாடிக்கு வந்தபோதும், "இன்னும் ஓட்டத்தான் போறியா?" என்றுதான் ஆரம்பித்தான்.

"ஆமா."

"ஹெல்மெட்டாவது நல்லதா வாங்கு."

வாங்கினேன். திறப்பு விழாவுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அந்த மேடையில் வேறு யாருடைய ஸ்கூட்டரோ நின்றது. அழகான ஸ்கூட்டர். அதன் முன்னாலும் கால் வலிக்க நின்றுவிட்டு, வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தேன். என் பைக்கைச் சுற்றி நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "ஆன்ட்டி, இதுவும் மியூசியத்து வண்டியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. செத்தத் தள்ளி நில்லு, புகை வரும்" என்றேன்.