மூன்று இருக்கைக் கப்பல்

அந்த வருஷம் முழுக்க அண்ணன் குவைத்திலிருந்து என் போனுக்குத்தான் பேசினான். "சாப்ட்டியா பாப்பா?" என்று தொடங்கி வேலை, ஊர், மழை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அங்கே வந்து நிற்பான். "ஒங்க அண்ணிகிட்ட சொல்லு. கடைய மூடிட்டு ஊருக்குப் போயி அம்மாகூட இருக்கட்டும்."

அண்ணி எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். போனில் வரும் குரல் அவளுக்கும் கேட்கும். "மூட மாட்டேன்னு சொல்லு" என்பாள், தட்டைப் பார்த்தபடியே. நான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகும் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அண்ணி ப்ரௌசிங் சென்டர் நடத்தினாள். கல்யாணத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் படித்தவள். காலேஜ் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க வருவார்கள். மற்றபடி மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள்தான் அதிகம். அவர்களுடைய வீட்டுக்காரர்கள் துபாயிலோ சவுதியிலோ இருப்பார்கள். தடுப்புக்குள் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேமராவில் முகம் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை அந்த நாடுகளில் லீவு என்பதால் அன்றைக்குக் கடையில் இடமே இருக்காது.

அண்ணன் தங்கியிருந்த கேம்பில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். லீவில் வந்து திரும்பியவர், "ஒன் பொண்டாட்டி கடையில எந்நேரமும் ஆம்பள கூட்டமாமே" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்துதான் எல்லாம். அண்ணன் கேட்டான், அண்ணி பதில் சொன்னாள், அவன் நம்பவில்லை. "நம்பாத ஆளுகிட்ட நான் எதுக்குப் பேசணும்?" என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். அந்த ஆம்பளைக் கூட்டத்தில் பாதி, ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள்.

நான் ஒரு செராமிக் யூனிட்டின் ஆபீஸில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். ப்யூஸ் கட்டை செய்யும் யூனிட். வேப்பூருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் வந்து போக முடியாது என்று அண்ணியோடு தங்கியிருந்தேன். யூனிட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. அன்றைக்குக் கடையின் மூலைக் கம்ப்யூட்டர் எனக்கு. அதில் நான் விண்வெளிக் கப்பல் ஓட்டுவேன்.

அந்த விளையாட்டை எனக்குப் பழக்கிவிட்டவன் அண்ணன். வெளிநாட்டில் ஒரு சின்ன கம்பெனி, நாலைந்து பேர் சேர்ந்து செய்தது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் வந்து ஆடலாம். ஆளுக்கொரு கப்பல். ஒரு நட்சத்திரத்தில் தாது ஏற்றி இன்னொன்றில் இறக்க வேண்டும். வழியில் கொள்ளைக்காரர்கள் அடிப்பார்கள். அண்ணன் அங்கிருந்து வருவான், நான் இங்கிருந்து போவேன், இரண்டு கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் பறக்கும். எனக்கு ஓட்ட வரும், சுட வராது. இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போய்க் கப்பலைப் பறிகொடுப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி மாட்டிக்கொண்டு நான் கத்தியபோது, பக்கத்தில் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்த அண்ணி எட்டி மவுஸைப் பிடித்தாள். "நீ ஓட்டு. நான் சுடுறேன்." நான் கீபோர்டில் கப்பலைத் திருப்பினேன். அவள் குறிபார்த்து அடித்தாள். துரத்திவந்த இரண்டு கப்பலும் வெடித்துச் சிதறின. அண்ணி வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

எனக்கு யோசனை வந்தது அன்றைக்குத்தான். ஒரு கப்பலுக்கு ஏன் ஒரே ஆள்? எங்கள் யூனிட்டில் சூளைக்கு ஒருத்தர் போதுமா? நெருப்பைப் பார்க்க ஒருவர், வண்டி தள்ள ஒருவர், சரக்கு இறக்க ஒருவர் வேண்டும். விளையாட்டிலும் அப்படி ஒரு பெரிய கப்பல் இருக்கட்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பீரங்கியைப் பிடிக்க, ஒருவர் எஞ்சினில் உட்கார்ந்து மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரட்டும். ஆடுகிறவர்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் ஃபோரத்தில் இதை இங்கிலீஷில் எழுதினேன். எழுதி அழித்து எழுதி ஒரு வாரம் ஆனது.

போட்ட அன்றே அடி விழுந்தது. "அடுத்தவன் சுடும்போது எஞ்சினைப் பார்த்துக்கொண்டு எவன் உட்காருவான்?" என்றார் ஒருவர். அங்கே மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் நிறையப் பேர் தலையாட்டுவார்கள். அவர் எழுதினார்: "ஒருவருடைய இணைப்பு அறுந்தால் எல்லோரும் சாக வேண்டும். தவிர, ஒரே கப்பலில் மூன்று பேரை அடைத்தால் எதிரியே தேவையில்லை. அவர்களே அடித்துக்கொள்வார்கள்." முதல் பாதிக்கு நான் பதில் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது பாதியைத் தொடவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது அதுதான்.

சண்டை நாலைந்து பக்கம் வளர்ந்த பிறகு கம்பெனிக்காரர் ஒருவரே வந்து எழுதினார். ஒரு பழைய சரக்குக் கப்பலில் மூன்று இருக்கை வைத்துத் தருகிறோம், சோதனைக்கு மட்டும். மூன்று பேராக வாருங்கள். நாங்கள் கொள்ளைக்காரர்களாக வருவோம். சரக்கை நிலையத்தில் கொண்டு சேர்த்துவிட்டால் உங்கள் யோசனையை எடுத்துக்கொள்கிறோம்.

மூன்று பேருக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தெரிந்து ஆடத் தெரிந்தவன் அண்ணன் ஒருவன். மவுஸைப் பிடிக்கத் தயங்காதவள் அண்ணி ஒருத்தி. அண்ணனிடம் கேட்டேன். அவன் சொன்னான்: "ஒனக்காக வரேன். பீரங்கி எனக்கு. அவ எஞ்சின்ல இருக்கட்டும். ஏதாவது சொல்லணும்னா நான் ஒங்கிட்ட சொல்றேன்."

அண்ணியும் அதையேதான் சொன்னாள். "ஒனக்காக."

ஒத்திகை பார்த்த நாளெல்லாம் நாசம். ஹெட்போனில் மூவருக்கும் மூவர் குரலும் கேட்கும். ஆனாலும் அண்ணன், "எஞ்சினுக்குக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்பான். அண்ணி, "கொறைச்சாச்சுன்னு சொல்லு" என்பாள். நான் கப்பலைத் திருப்பவா, தபால் கொடுக்கவா? எல்லா ஒத்திகையிலும் வெடித்துப்போனோம்.

சோதனை வெள்ளிக்கிழமை வந்தது. இங்கே சாயங்காலம், அங்கே மத்தியானத் தொழுகை முடிந்த நேரம். கரண்ட் காலையிலேயே போய் வந்துவிட்டதால் இனிப் போகாது என்று நம்பினோம். கடையில் தடுப்பு எல்லாம் நிறைந்திருந்தது. நானும் அண்ணியும் மூலையில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். ஃபோரத்தில் என்னைத் திட்டிய அத்தனை பேரும் தத்தம் கப்பலில் வந்து தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த மூத்த ஆட்டக்காரரின் கப்பலும் நின்றது.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மூன்று கப்பல்கள் பாய்ந்து வந்தன.

"பாப்பா, எல்லா பவரையும் பீரங்கிக்குத் தரச் சொல்லு!"

"எஞ்சினு சூடாயிட்டிருக்குதுன்னு சொல்லு. முழுசா குடுத்தா நின்னுடும்."

"குடுக்கச் சொல்லு!"

"முடியாதுன்னு சொல்லு!"

பக்கவாட்டில் ஒரு அடி விழுந்து திரை குலுங்கியது. கப்பலின் கவசம் பாதியாகிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "நான் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்!" என்று கத்தினேன். "எனக்கு ஓட்டணும். பேசறதுன்னா ரெண்டு பேரும் நேரா பேசுங்க. இல்லன்னா எறங்கிப் போயிடுங்க!"

தடுப்புகளுக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ஹெட்போனில், குவைத்தில் ஏதோ மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

பிறகு அண்ணன் குரல், யாரையும் கூப்பிடாமல்: "பவர் எவ்ளோ இருக்குது?"

அண்ணி எஞ்சின் அளவைப் பார்த்தாள். "பாதிதான். விட்டு விட்டுத் தரேன். நான் சொல்லும்போது சுடுங்க." கொஞ்சம் பொறுத்து, "இப்ப" என்றாள்.

அண்ணன் சுட்டான். ஒரு கப்பல் புகைந்து விலகியது.

"இப்ப." இன்னொரு அடி. அது தவறிவிட்டது.

"லேட்டா தர. முழுசா குடு."

"மாட்டேன்."

"நான் சொன்னா எதையாச்சும் கேட்டிருக்கியா நீ? எதுக்கெடுத்தாலும்..."

"கடைய பத்தி இப்ப பேசாதீங்க."

தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகி நின்றது. ட்யூப்லைட் போனது. யூபிஎஸ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. தடுப்புகளுக்குள்ளிருந்து, "அக்கா, கட்டாயிடுமா? அக்கா!" என்று குரல்கள். அண்ணி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"எஞ்சின்ல யாரும் இல்ல! எங்க போனா?" என்று கத்தினான் அண்ணன்.

"கரண்டு போயிடுச்சுண்ணா. எல்லா மிஷினும் ஓடினா யூபிஎஸ்ஸு தாங்காது. பேசிட்டிருக்கவங்கள பாக்கப் போயிருக்காங்க."

அண்ணி மேசையில் வைத்த மைக் திறந்தபடி கிடந்தது. அதன் வழியாகக் கடை முழுவதும் அவனுக்குக் கேட்டது. "மன்னிச்சுக்கம்மா, கரண்டு வந்ததும் ஒனக்குத்தான் மொதல்ல." "நீங்க பேசி முடிச்சிட்டீங்களாக்கா? அப்ப இத நிறுத்திடறேன்." ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போனாள். பிறகு யாரோ ஒரு பெண், "எங்க மூணு பேருதும் நிறுத்திடுங்க, இந்தப் பொண்ணுத மட்டும் விட்டுடுங்க. கொழந்தைய அவரு இன்னிக்குத்தான் பாக்கறாரு" என்றாள். அண்ணி, "இது இருக்கட்டும்மா. நீ நல்லா தூக்கிக் காட்டு" என்றாள். கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது.

நான் பயத்தில் கப்பலை இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பீரங்கி ஓய்ந்துவிட்டது. அண்ணனும் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். திடீரென்று கவசம் ஏறியது. எஞ்சினின் சிவப்பு விளக்கு மஞ்சளானது.

அண்ணி ஓடிவந்து உட்கார்ந்தாள். "என் சீட்டுல யாரு?"

"நான்தான்" என்றான் அண்ணன். "நீ பீரங்கிக்குப் போ."

"எனக்கு என்னா தெரியும்?"

"அன்னிக்கு ரெண்டு கப்பல அடிச்சியாமே. பாப்பா சொன்னா. போ, நான் பவர் தரேன்."

அண்ணி பீரங்கி இருக்கைக்கு மாறினாள். "இப்ப" என்று அண்ணன் சொல்ல, அவள் அடித்தாள். முதல் குண்டு எங்கேயோ போனது. அடுத்தது பட்டது. கொள்ளைக்காரர்கள் வளைத்துத் திரும்புவதற்குள் நான் நடுவில் புகுந்து வெளியே வந்தேன். நிலையத்தின் விளக்குகள் தெரிந்தன. யூபிஎஸ் இப்போது விடாமல் ஒரே குரலில் கத்தியது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே எல்லாத் திரையும் கறுத்தது.

கீழே ரோட்டில் ஆட்டோ சத்தம். குழந்தைக்காரப் பெண் வெளியே வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சுக்கா, யாருக்காவது ஒடம்பு சரியில்லயா?" என்றாள். அண்ணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

போன் அடித்தது. என்னுடையது அல்ல, அண்ணியுடையது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் எடுத்து, "சொல்லுங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற எனக்கு அவன் குரல் கேட்டது. மூச்சு வாங்கியது. "ஒண்டியா மூணு சீட்டுக்கும் மாறி மாறிப் பாத்தேன். நிலையத்து வாசல்ல வந்து ஒடஞ்சிடுச்சு."

"போவட்டும்."

"அந்த ஆளு கொழந்தய பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரு" என்றாள் அண்ணி. போனோடு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களை நான் கவனித்தேன்.

கம்பெனிக்காரர் மறுநாள் எழுதியிருந்தார். சரக்கு சேராததால் சோதனையில் தோல்விதான். ஆனால் ஆள் போன இருக்கையை இன்னொருவர் பிடித்ததை அவர்கள் எதிர்பார்க்கவில்லையாம். மூன்று இருக்கை இப்போது முடியாது, இரண்டு இருக்கையில் தொடங்கிப் பார்க்கிறோம் என்றார். மூத்த ஆட்டக்காரர் எதுவும் எழுதவில்லை. எனக்கு அது பெரிதாகவும் படவில்லை. வீட்டில் அதைவிடப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் இப்போது அண்ணிக்கே போன் செய்து, கடையைப் பற்றி அவளிடமே சண்டை போட்டான். அவளும் விடவில்லை. சில நாள் கத்துவாள், சில நாள் அழுவாள். ஆனால், "சொல்லு" என்று என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

லீவில் வந்தபோது அவன் மூன்று வெள்ளிக்கிழமை கடையில் உட்கார்ந்திருந்தான். முதல் வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் ஒரு பாட்டிக்கு ஹெட்போன் மாட்டிவிட்டான். மூன்றாவது வாரம் அண்ணி சாப்பிடப் போக, கல்லாவை அவன் பார்த்துக்கொண்டான். மூடு என்ற பேச்சை எப்போது நிறுத்தினான் என்று எனக்கே தெரியாது.

அவன் திரும்பிப் போன பிறகுதான் இரண்டு இருக்கைக் கப்பல் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். நான் என் பழைய கப்பலில், சுட வராமல், பின்னால் காவலுக்குப் போனேன். "இடது பக்கம் திருப்புங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று அண்ணி அவனிடம் என் காது வலிக்கக் கத்திக்கொண்டே போனாள்.