கை நின்ற இடம்

சுஜிந்தனிடம் தோற்றுத் தோற்று சப்னாசுக்கு வெறுத்துப் போயிருந்தது. கல்முனை பஸார் ஒழுங்கையில் அனீஸ் காக்காவின் கேம் கடைக்கு வருகிற பொடியன்மார் எல்லாரையும் சப்னாஸ் ஆட்டத்தில் அடித்துவிடுவான். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற இந்த ஒல்லித் தமிழ்ப் பொடியனை மட்டும் முடியவில்லை.

திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று சண்டை பிடிக்கிற விளையாட்டு அது. தோற்றவன் ஜொய்ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு எழும்ப வேண்டும். சப்னாஸ் எப்போதும் பெரிய உடம்புக்காரனைத்தான் எடுப்பான். சுஜிந்தன் எடுப்பது நீலச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண்ணை. அவளுடைய கை நீளாது, அடியிலும் பலமில்லை. ஆனால் சப்னாசின் உதை காற்றில் போகும்வரை பின்வாங்கி நின்று, அது தவறிய கையோடு உள்ளே பாய்ந்து அடித்துவிட்டு மறுபடியும் விலகிவிடுவாள்.

"டேய், நான் காலுக்கு அடிக்கப் போறது ஒனக்கு எப்பிடிடா தெரியும்?" என்று ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான் சப்னாஸ்.

"நீதான் சொல்லித் தாறாயே மச்சான். ஒரு அடி பட்டா ஒடனே குனிஞ்சு காலுக்கு அடிக்கிற. ஒவ்வொரு தரமும்."

"பொய்."

"காக்காட்ட வீடியோ கசற் இரிக்குத்தானே. போட்டுப் பாரு."

அனீஸ் காக்கா கலியாண வீடியோ எடுத்தவர். சாய்ந்தமருதில் கடற்கரை வீதியிலிருந்த அவருடைய ஸ்டூடியோவைச் சுனாமி சுவர்கூட மிச்சமில்லாமல் கொண்டுபோனது. திருத்தக் கொடுத்திருந்த ஒரு கமராவும் ஒரு வீடியோ டெக்கும் அவற்றோடு கிடந்த சில பழைய கசற்றுகளும்தான் தப்பின. கலியாணங்கள் குறைந்துபோன அந்தக் காலத்தில் இரண்டு பழைய ரிவிகளை வாங்கிப் போட்டு இந்தக் கடையைத் தொடங்கினார். தொழில் பழக்கம் விடவில்லை. விளையாட்டுப் பெட்டியின் வயரை டெக் வழியாக ரிவிக்குக் கொடுத்து, நல்ல ஆட்டம் நடந்தால் பதிவு பட்டனை அமத்திவிடுவார். ஆட்டம் முடிகிற இடத்தில் சில கசற்றுகளில் பழைய கலியாணம் ஏதாவது தலைகாட்டும். வாங்கிப் போக ஆள் மிஞ்சாத கலியாணங்கள் அவை.

சப்னாஸ் அந்தக் கசற்றைப் போட்டுப் பார்த்தான். சுஜிந்தன் சொன்னது உண்மை. அடி விழுகிறது, பெரிய உடம்புக்காரன் குனிகிறான், காலை வீசுகிறான். அடுத்த சுற்றிலும் அதே. தன் கை தனக்குத் தெரியாமல் இப்படி ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்ததைப் பார்க்க அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, ஒரு மாதிரிப் பயமாகவும் இருந்தது.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தொண்டு நிறுவனங்கள் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்கு ஜன்னல் கம்பி உருக்கி ஒட்டுகிற கடையில் வேலை. கடல் வந்த அன்று அவன் சம்மாந்துறையில் பெரியும்மா வீட்டில் நின்றான். திரும்பி வந்தபோது உம்மாவும் தங்கச்சியும் இல்லை. உம்மாவின் மையத்து கிடைத்தது. தங்கச்சியுடையது கிடைக்கவில்லை. மீன் வியாபாரம் செய்த வாப்பா அதன்பிறகு கடற்கரைப் பக்கம் போகவேயில்லை. தகரக் கொட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வீட்டில் இருந்தால் சப்னாசும் சுவரைப் பார்க்க வேண்டும். கேம் கடையில் இருந்தால் திரையைப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டிய கடையைப் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகுதான் அனீஸ் காக்கா திறப்பார். அந்த இடைநேரத்துக்குப் பூட்டின் திறப்பை சப்னாசிடம் கொடுத்துவிடுவார். அவன் கசற்றைப் போட்டுவிட்டு, வயர் அறுந்த ஜொய்ஸ்டிக் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். திரையின் ஒரு பாதியைக் காட்போட் மட்டையால் மறைத்துவிட்டு எதிராளியை மட்டும் பார்ப்பான். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தன் கையால் அமத்துவான். பிறகு மட்டையை எடுத்து, அன்று தான் உண்மையில் என்ன செய்தான் என்று பார்ப்பான். பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். கசற்றைப் பின்னுக்கு இழுத்து மறுபடியும் போடுவான். நிறுத்திப் பார்த்தால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளுக்கிடையில் நீலச் சட்டைக்காரியின் தோள் அசைவதைக் கண்டுபிடிப்பான்.

குனிகிற பழக்கம் மெல்ல மெல்ல விட்டது. சில ஆட்டங்களை அவன் வெல்லத் தொடங்கினான். அதைப் பார்த்து சுஜிந்தனும் வெள்ளிக்கிழமைகளில் வந்து சேர்ந்துகொண்டான்.

"இதில என்ர பிழை என்ன, சொல்லு பாப்பம்," என்பான்.

"மூலைக்குள்ள போனா நீ பாயிற. பாயாம நிண்டா எனக்குக் கஸ்டம்."

"ஓம். பாயத்தான் செய்யிறன். அட சீ!"

வெல்ல வேண்டியவனிடமே தன் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் வரவில்லை. காட்டிக்கொடுத்த ஓட்டையை அடுத்தவன் அடைத்துவிட்டால், இவன் புதிதாக ஒன்றைத் தேட வேண்டும். அந்தத் தேடல்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அனீஸ் காக்கா ஒரு போட்டி வைத்தார். வெல்கிறவனுக்கு ஒரு போன் பரிசு. மருதமுனை, சம்மாந்துறைப் பொடியன்மாரும் பெயர் கொடுத்தார்கள். முதல் சுற்றுகளைப் பெருநாளுக்கு முன்பே நடத்தி, கமராவை முக்காலியில் நிறுத்தி விளையாடுகிறவர்களையும் எடுத்தார். சீடி அடித்து விற்கிற எண்ணம் அவருக்கு. கடைசி ஆட்டத்துக்கு மிஞ்சியவர்கள் சப்னாசும் சுஜிந்தனும்.

பெருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை சுஜிந்தன் வரவில்லை. சப்னாஸ் தனியே இருந்து அவனுடைய புதிய ஆட்டங்களைப் பார்த்தான். ஏதோ ஒன்று மாறியிருந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற நீலச் சட்டைக்காரி திடீரென்று சும்மா நிற்கிறாள். பின்வாங்கவுமில்லை, கையைத் தூக்கித் தடுக்கவுமில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு மறுபடியும் உயிர் வந்ததுபோல் ஆடுகிறாள். மருதமுனைப் பொடியன் அதைக் கவனிக்கவில்லை. சப்னாஸ் கவனித்தான். இவ்வளவு காலமும் தேடிய ஓட்டை கிடைத்துவிட்டதென்று அவன் நெஞ்சு துள்ளியது. அறுந்த ஜொய்ஸ்டிக்கில், அவள் நிற்கிற அந்த இடத்தில் தான் போட வேண்டிய அடியைத் திரும்பத் திரும்ப அமத்திப் பழகினான்.

ஆனால் அவள் எதற்காக நிற்கிறாள் என்று தெரிந்தால்தானே எப்போது நிற்பாள் என்று தெரியும்? ஆட்டத்தின் கசற்றில் அதற்கு விடை இல்லை. கமராக் கசற்றைப் போட்டான். அதில் கடையின் சத்தம் முழுக்க இருந்தது. பொடியன்மாரின் கூச்சலுக்கு வெளியே, ஒழுங்கையில் ஒரு வாகனம் வந்து நிற்கிறது. எஞ்சினை நிறுத்தவில்லை. சுஜிந்தனின் கை நிற்கிறது. இன்னோரிடத்தில் மறுபடியும் ஒரு வாகனம், மறுபடியும் கை நிற்கிறது. கண் திரையை விட்டுப் பின்கதவுக்குப் போகிறது. கதிரைக்குக் கீழே அவனுடைய கால் தடவித் தடவித் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்கிறது.

அந்தக் காலைப் பார்த்ததும் சப்னாஸ் ஜொய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான். சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் அவனும் செருப்பைக் கழற்றாமல்தான் படுத்தான், கடல் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழும்பி ஓடுவதற்கு.

புலிகள் இயக்கம் இரண்டாக உடைந்த பிறகு, கரையோரத் தமிழ் ஊர்களில் வாகனத்தில் வந்து பொடியன்மாரை ஏற்றிக்கொண்டு போவது நடந்துகொண்டிருந்தது. யார் ஏற்றியது, எங்கே கொண்டுபோனது என்று வாய்விட்டுக் கேட்கப் பயம். சப்னாசுக்கும் இது தெரியும். ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தாலும் பாண்டிருப்பு அடுத்த ஊர், அடுத்த ஊர்க்காரரின் பாடு. இன்றுவரை அவன் அப்படித்தான் வைத்திருந்தான்.

மறுநாள் சுஜிந்தனை ஒழுங்கை முனையில் பிடித்தான். "நீ வாகனச் சத்தத்துக்கு ஏன் பயப்பிர்ற?"

சுஜிந்தன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஆர் சொன்ன?"

"கசற்ல இரிக்கி."

சுஜிந்தன் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னான். "எங்கட தெருவில ரெண்டு பேரக் கொண்டுபோயிற்றானுகள். என்னையும் விசாரிச்சவனுகளாம். அம்மாக்குத் தெரியா. தெரிஞ்சா வெளிய விடமாட்டா, நானும் வீட்டுக்குள்ள இருந்து பைத்தியம் புடிச்சிச் சாவன்."

"இனி நீ தனியப் போகாத. நான் வாறன்."

அன்றிலிருந்து சப்னாஸ் தன் சைக்கிளில் பாண்டிருப்புவரை கூடவே போய், அவன் வாசலுக்குள் நுழைந்த பிறகு திரும்புவான். ஒரு முஸ்லிம் பொடியன் கூட வந்தால் யாரும் கைவைக்கத் தயங்குவார்கள் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு ஆதாரமும் இருக்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் கடை நிறைந்து வழிந்தது. புது உடுப்பும் அத்தர் வாசமுமாகப் பொடியன்மார் கதவுவரை நின்றார்கள். முதல் சுற்று சுஜிந்தனுக்கு, இரண்டாவது சப்னாசுக்கு. மூன்றாவதில் இரண்டு பேருக்கும் உயிர் கொஞ்சம்தான் மிச்சம்.

அப்போது வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. நீலச் சட்டைக்காரி சும்மா நின்றாள்.

சப்னாசின் மனதுக்கு என்ன நடக்கிறதென்று விளங்குவதற்குள் அவன் கை அடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை திரும்பத் திரும்பப் பழகிய அதே அடி, அதே இடத்தில். பெண் சுருண்டு விழுந்தாள். கடை வெடித்ததுபோல் கத்தியது. யாரோ அவனைத் தோளில் தூக்கினார்கள். அவனும் கையை உயர்த்திக் கத்தினான். உம்மா போன பிறகு அவ்வளவு சந்தோசமாக அவன் ஒருநாளும் கத்தியதில்லை. கூரைத் தகரத்தில் தலை இடிக்க, கூட்டத்தோடு கூட்டமாக ஆடினான்.

கீழே இறக்கிவிட்ட பிறகுதான் பக்கத்துக் கதிரையைப் பார்த்தான். யாருமில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. வாசலுக்கு ஓடினான். பக்கத்துக் கடைக்கு வந்த சோடா லொறி, போத்தல் பெட்டிகளை இறக்கிக்கொண்டு நின்றது.

சுஜிந்தனின் சைக்கிள் முன்பக்கத்துச் சுவரில் சாத்தியபடியே இருந்தது. பின்கதவால் போனால் கடற்கரைப் பக்கம்தான். அங்கே வீடுகள் இல்லை, அத்திவாரங்கள்தான் கிடந்தன. யாரும் பார்க்க ஆளில்லாத பாதை. சப்னாஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தப் பாதையால் பாண்டிருப்புக்குப் போனான். கடற்கரையில் கருவாடு அள்ளிக்கொண்டிருந்த ஒரு மனிசி, மெல்லிசாய் ஒரு பொடியன் ஓடி வந்ததையும் ரோட்டோரம் ஒரு வான் நின்றதையும் கண்டதாகச் சொன்னாள். அதற்கு மேல் கேட்டபோது கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சுஜிந்தன் வீடு வந்து சேரவேயில்லை. சில நாட்களுக்குப் பிறகு அவனுடைய தாய் சின்னத்தங்கம் கடைக்கு வந்தா. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு இடியப்பம் அவித்து விற்று மகனை வளர்த்தவ. பொலிசில் படம் கேட்டார்களாம். வீட்டுப் படங்களெல்லாம் சுனாமியோடு போய்விட்டன.

அனீஸ் காக்கா கமராக் கசற்றைப் போட்டார். மகன் திரையில் வந்ததும் அந்த மனிசி ரிவிக்குக் கிட்டப் போய் நிலத்தில் உட்கார்ந்துவிட்டா. அவன் சிரிப்பதை, உதட்டைக் கடிப்பதை, விரலால் மூக்கைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அந்த இடம் வந்தது.

"என்னத்துக்கு இவன் அங்கால பாக்கான்?"

சப்னாஸ்தான் சொன்னான். வாகனம், பின்கதவு, செருப்பு, எல்லாவற்றையும் சொன்னான். கடைசி ஆட்டத்தில் தன் கை அடித்ததையும், தோளில் ஏறிக் கத்தியதையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு அவ அடிக்கட்டும் என்று நின்றான்.

சின்னத்தங்கம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒனக்கு வெளங்கியிரிக்கு தம்பி. நான் ஒரே வீட்டுக்குள்ள இருந்து சோறு போட்டன். எனக்கு வெளங்கல்லயே."

அவன் எதிர்பார்த்த அடியைவிட அது பலமாக விழுந்தது.

அதன்பிறகு அவ அடிக்கடி வந்தா. மகன் வென்ற ஆட்டங்களைக் காட்டச் சொல்லுவா. நீலச் சட்டைக்காரிதான் சுஜிந்தன் என்று விளங்கிக்கொண்டா.

"அவன்ட்ட அடி வாங்கிற இந்தப் பெரிய மொக்கன் ஆரு?"

"நான்தான்."

"இவ்வளவு அடியா வாங்கின நீ?" அவ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சிரித்ததற்காக உடனே அழுதா.

சப்னாஸ் அந்த விளையாட்டை மறுபடி தொடவில்லை. பரிசாகக் கிடைத்த போனை அனீஸ் காக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். கம்பி ஒட்டுகிற வேலை முடிந்ததும் சின்னத்தங்கத்தோடு பொலிஸ், ஆமி முகாம், பெரியவர்களின் வீடு என்று அலைந்தான். போகிற இடமெல்லாம், காணாமல் போனவன் உனக்கு என்ன முறை என்று அவனிடம் கேட்டார்கள். கூட்டாளி என்றால் படிவத்தில் எழுதுவதற்குக் கட்டம் இல்லை என்றார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. பஸாரில் வெடி கொளுத்தினார்கள். வன்னியிலிருந்து வந்த சனங்களையும் சரணடைந்த பொடியன்மாரையும் வவுனியாவில் அடைத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, சின்னத்தங்கம் போக வேண்டும் என்று நின்றா. கிழக்கில் காணாமல் போனவன் அங்கே எப்படி இருப்பான் என்று சப்னாஸ் கேட்கவில்லை. அனீஸ் காக்கா கசற்றிலிருந்து ஒரு படத்தை நிறுத்தி அச்சடித்துக் கொடுத்தார்.

முள்கம்பி வாசலில் இருந்த அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரிவி வெளிச்சத்தில் நீலம் பாய்ந்த முகம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.

"நேரே பார்க்கிற படம் இல்லையா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"இல்ல ஐயா," என்றான் சப்னாஸ். எந்தக் கசற்றிலும் சுஜிந்தன் கமராவைப் பார்த்ததில்லை.

பட்டியலில் அந்தப் பெயர் இருக்கவில்லை. மற்ற முகாம்களுக்கும் போனார்கள். அங்கேயும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னத்தங்கம் படத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு வந்தா. பொலன்னறுவை தாண்டிய பிறகு கேட்டா: "அண்டைக்கு லொறி வராட்டி ஆர் தம்பி வெண்டிருப்பான்?"

சப்னாஸ் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். சுஜிந்தன் மூலைக்குப் போயிருக்கவில்லை. பின்வாங்க இடம் இருந்தது. தன்னுடைய பெரிய உடம்புக்காரன் உதைக்கக் காலைத் தூக்கியிருந்தான். அவள் நின்றிராவிட்டால் அந்த உதை காற்றில்தான் போயிருக்கும்.

"அவன்தான்," என்றான்.

அவ தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா.