மார்பகப் பரிசோதனையும் வேர்க்குரு பவுடரும்

என் மனைவியின் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் தேறிவிட்டார். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு, அன்றிலிருந்து எங்களைப் போனிலேயே விரட்டினார்.

"தம்பி, அவளுக்கும் வயசாவுது. டெஸ்டுக்கு நீ இட்டுகினு போறியா, நான் வரட்டா?"

அவர் வந்தால் எங்கள் ஃபிரிட்ஜையும் சேர்த்துப் பரிசோதிப்பார். நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

சித்திரை வெயில். எங்கள் முகப்பேர் ஃபிளாட்டில் குளித்துவிட்டுத் துண்டை மடிப்பதற்குள் மறுபடி குளித்தது போல ஆகிவிடும். அதனால் கழுத்து, அக்குள், முதுகு என்று வேர்க்குரு பவுடரைக் கொட்டிக்கொள்வது குடும்ப வழக்கம். அன்று பதற்றத்தில் மனைவி மறந்துவிட்டாள். நான்தான் டப்பாவை நீட்டினேன்.

"நல்லா போட்டுக்கோ. வேர்த்து வழிஞ்சிகினு போனா என் மானம் போவும்."

அம்பத்தூர் ஸ்கேன் சென்டரில் என்ன டெஸ்ட் என்று கேட்டார்கள். தொழிற்பேட்டை ஃபேக்டரியில் ஒரு ஷிப்டையே அதட்டுகிற வாய் எனக்கு. "அது வந்து... லேடீஸ்க்கு... மேல..." என்று இழுத்தேன்.

மனைவி என்னை ஓரம் கட்டினாள். "மார்பகத்துக்கு மேமோகிராம்மா. இவுரு இப்டித்தான், கண்டுக்காத."

உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சப்பாத்தி மாதிரி அமுக்கிட்டாங்க. கொஞ்சம் வலி, அவ்ளோதான்." பிறகு குரல் இறங்கியது. "படத்துல வெள்ள வெள்ளயா புள்ளி தெரியுதாம். இருக்கச் சொன்னாங்க. அக்காவுக்கும் மொதல்ல இப்டித்தான் சொன்னாங்க."

சாவு வீட்டில்கூட எனக்கு ஒரு ஜோக் வந்து தொலைக்கும். அப்போது ஒன்றும் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு ஏன் இப்டி வேர்க்குது? டெஸ்டு எனக்குங்க" என்றாள்.

படம் எடுத்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, பவுடர் எதுனா போட்டீங்களா? கேட்டப்போ இல்லன்னீங்களே."

"மூஞ்சிக்கு எதுவும் போடலம்மா. அக்குள்ள வேர்க்குருக்குப் போடுறதுதான்."

"அதுவும் பவுடர்தான்க்கா. படத்துல புள்ளி மாதிரி வுழும். ஈரத்துணியால நல்லா தொடச்சிட்டு வாங்க, இன்னொரு தபா எடுத்துடலாம்."

எங்கள் வீட்டில் அதற்கு மருந்து அந்தஸ்து. அது பவுடர் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மனைவி எழுந்து போகுமுன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் அப்படிப் பார்த்திருந்தால் நான் தப்பித்து ஓடியிருப்பேன்.

இரண்டாவது படத்தில் புள்ளி எதுவும் இல்லை. சந்தேகப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அக்காவுக்கு வந்திருப்பதால் வருஷா வருஷம் வந்து பார்த்துவிட வேண்டும், நடுவில் கட்டியோ தோலில் சுருக்கமோ தெரிந்தால் வலிக்கவில்லையே என்று சும்மா இருக்கக் கூடாது என்றும் சொன்னார். மனைவி தலையாட்டினாள். நான் அவளைவிட வேகமாக ஆட்டினேன்.

இந்த வருஷம் டெஸ்ட் அன்று காலையில் டப்பாவைக் காணோம். பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"டெஸ்டு உனக்குத்தான, எனக்கு இன்னாத்துக்கு?"

"கூட வர்றவருக்கும் கெடையாது."

கவுன்ட்டரில் இம்முறை யாரும் கேட்பதற்கு முன்பே, "மார்பகத்துக்கு மேமோகிராம். பவுடர் போடல" என்றேன், ஹால் முழுக்கக் கேட்கும்படி. வேர்க்குரு அரிப்பில் என் முதுகு பக்கத்துத் தூணில் தேய்ந்துகொண்டிருந்தது.