தையல் மெஷினுக்கு அஞ்சு ஓட்டு

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சொன்னால் கட்சித் தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். செங்கொடி பிடிக்க ஆரம்பித்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது அது நரைத்துவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்துச் சின்னம் வரைந்திருக்கிறேன். விழுப்புரம் ஸ்டேஷனில் போலீஸ்காரனிடம் முட்டியில் அடி வாங்கியிருக்கிறேன். மழை வந்தால் இன்றைக்கும் வலிக்கும். ஆனால் எம்.பி. எலெக்‌ஷன் வந்து பூத்துக்குள்ளே போய் மெஷின் முன்னால் நின்றால் எங்கள் சின்னம் அதில் இருக்காது. கூட்டணி என்பார்கள். இந்தத் தடவை ஒருவருடையது, போன தடவை இன்னொருவருடையது. தோளில் ஒரு கொடி, விரலுக்கு வேறொரு பொத்தான். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டால் மாவட்டத்தில் இருப்பவர்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கேட்கும்போது புரிகிற மாதிரிதான் இருக்கும். வெளியே வந்து டீ குடிக்கும்போது மறுபடியும் புரியாது.

என் பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு முன்னால் பிறந்தது இரண்டும் தங்கவில்லை என்று வைத்த பெயர். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், மூட்டை தூக்குகிறேன். என் மனத்தாங்கல் என்னோடு கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது பூமாலையைப் பற்றி.

பூமாலை அதே மில்லில் பருப்பு பொறுக்குகிறவள். உடைத்துச் சலித்து வரும் மல்லாட்டைப் பருப்பில் சொத்தையையும் கல்லையும் பொறுக்கித் தள்ளுகிற வேலை. பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் பிறந்தது அனந்தபுரம் பக்கம். எங்கள் காலனிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் எங்கள் செட்டில் மூட்டை தூக்கினான். மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைப்போம், அதற்கு அட்டி என்று பெயர். ஒருநாள் அட்டி சரிந்து அவன் அடியில் மாட்டிக்கொண்டான். நாங்கள் மூட்டைகளை இழுத்துப் போட்டு வெளியே எடுத்தபோது வாயெல்லாம் மல்லாட்டைத் தோல் தூசி. குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று மில்லில் சொன்னார்கள். அவன் குடிக்கிறவன் இல்லை. பையன் புகழேந்தி அப்போது மூன்றாம் வகுப்பு.

அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கியவர்தான் கோகுலகிருஷ்ணன். கட்சியில் இந்தப் பகுதிக்குப் பொறுப்பு அவர். பிணத்தை எடுக்க விடாமல் மில் கேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்தார். இரவும் பகலும் உட்கார்ந்தோம். ஐஸ் கட்டி உருகி ரோடெல்லாம் ஓடியது. கடைசியில் மில் இறங்கி வந்தது. நஷ்டஈடும் கொடுத்தார்கள், பூமாலைக்கு வேலையும் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்து நாலாம் நாள் அவள் கோகுலகிருஷ்ணனிடம் வந்து, “தோழரே, எனக்கும் ஒரு கொடி குடுங்க” என்றாள். அழாமல் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் தொண்டைதான் எங்களுக்கு மைக்செட். கோஷம் போட்டால் மயிலம் ரோடு வரைக்கும் கேட்கும். மறியலில் போலீஸ் வேன் வந்தால் முதல் ஆளாக ஏறுவாள். “ஏம்மா இவ்ளோ அவசரம்?” என்று கேட்டால், “பின்ன? லேட்டா ஏறுனா ஜன்னல் சீட்டு கெடைக்குமா? காத்து வாணாமா?” என்பாள். இன்ஸ்பெக்டரே சிரித்துவிடுவார். பயம் என்பது அவளுக்கு என்னவென்றே தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். புகழேந்தி வளர்ந்து, படிப்பு ஏறாமல், அப்பன் வேலைக்கே வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து அவள் பருப்பு பொறுக்கும்போது தலையைக் குனிவது குறைந்துவிட்டது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, மூட்டை அடுக்குகிற கொடோன் பக்கம் பார்ப்பாள்.

இந்த எம்.பி. எலெக்‌ஷனில் கோகுலகிருஷ்ணன் சுயேச்சையாக நின்றார். மில்லில் கூலி ஒப்பந்தம் முடிந்து வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள், அந்த மில்காரனுக்கு வேண்டியவர்கள் கூட்டணி மேடையில் உட்கார்ந்தால் நான் எப்படி அந்த மேடையில் ஏறுவது என்று கேட்டார். கட்சி அவரை நீக்கியது. தையல் மெஷின் சின்னம் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் மைக்செட் கட்டி அவரே பேசிக்கொண்டு போனார்.

எங்களுக்கு இருதலைக் கொள்ளி. கட்சி சொல்வதும் தப்பில்லை. ஓட்டைப் பிரித்தால் டெல்லியில் இருப்பவர்கள் மறுபடியும் வந்துவிடுவார்கள், அப்புறம் நம்மைப் போன்றவர்களுக்கு மூச்சு விட இடம் இருக்காது என்றார்கள். எங்கள் காலனி தேவசகாயம் அண்ணன் அதை அப்படியே நம்பினார். சர்ச்சில் பிரார்த்தனைக்குக் கூடினால் வாசலில் யாராவது வந்து கத்திவிட்டுப் போகிற காலம் இது. “மேல இருக்கறவனுக்கு பயந்து இங்க இருக்கறவனுக்குப் போடணும். இங்க இருக்கறவனுக்கு பயந்து எங்கடா போறது?” என்றார்.

இங்கே இருப்பவன் வல்லரசு. மில்லில் மேஸ்திரி. யாருக்கு என்ன வேலை என்று காலையில் பிரித்துவிடுவது அவன்தான். எலெக்‌ஷன் வந்தால் எங்கள் பூத்துக்குக் கூட்டணி சார்பில் பொறுப்பும் அவன்தான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் கொடோன் நிழலில் உட்கார வைத்தான். வெள்ளை வேட்டி, கையில் மோர் பாக்கெட்.

“நம்ம காலனி தனி பூத்து. நானூறு ஓட்டு கூட தேறாது. எந்த பூத்துல எவனுக்கு எவ்ளோன்னு பின்னாடி கணக்கு வந்துடும், தெரியுமில்ல? தையல் மெஷினுக்கு எவ்ளோ வுழுந்திச்சின்னு நான் பாப்பேன்” என்றான்.

பூமாலை மட்டும், “யாரு போட்டதுன்னு கணக்குல வருமா மேஸ்திரி?” என்று கேட்டாள். சிரிப்பு எழுந்தது.

வல்லரசுவும் சிரித்தான். “வராது தான். ஆனா எனக்குத் தெரியும்ல யக்கா? கோகுலு வந்தா யாரு மொதல்ல ஓடுவாங்கன்னு. அதான் கூட்டணிக்கு உன்னயே பூத்து ஏஜென்ட்டா போட்டுக்கீறேன். நீயே உக்காந்து பாத்துக்க.” பிறகு மோரை உறிஞ்சிவிட்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னான்: “உன் மவன் சின்னப் பையன். அட்டிகிட்ட பாத்து நிக்கச் சொல்லு. உங்க ஊட்டுக்காரருக்கு ஆன மாதிரி ஆயிடப் போவுது.”

பூமாலை கையில் பிசைந்து வைத்திருந்த சோறு அப்படியே இருந்தது. பிறகு டப்பாவை மூடிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கூடினோம். நம்பிக்கையான ஆட்கள் மட்டும். நாங்கள் தீர்மானம் போடாமல் ஒன்றுக்குக்கூடப் போகத் தெரியாத கூட்டம். கட்சிக் கட்டுப்பாட்டை மீறுவதா வேண்டாமா என்பதையும் கட்டுப்பாட்டோடு உட்கார்ந்துதான் பேசினோம். தேவசகாயம் அண்ணன் தலைமை.

அவரே ஒரு வழி சொன்னார். “எந்த பூத்துலயும் கண்ணு தெரியாத கெழவன் கெழவி தப்பா அமுக்கறது உண்டு. அஞ்சு ஓட்டு வரைக்கும் அந்தக் கணக்குல போய்டும். ஆறாச்சின்னா சந்தேகம் வந்துடும். அதனால அஞ்சு பேரு கோகுலுக்கு போடறது. மிச்ச பேரு கட்சி சொன்ன மாதிரி.”

“அண்ணே, இது கட்சித் துரோகத்துக்கு ரேஷன் கார்டு போடற மாதிரி இருக்குதே” என்றாள் வேணி. அவள் பூமாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு பொறுக்குகிறவள்.

“வாய மூடு. யாரு யாருக்கு வேணும்? கைய தூக்குங்க.”

எல்லாக் கையும் மேலே போனது. அதைப் பார்த்து தேவசகாயம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசிப் பேசி ஐந்தாகக் குறைத்தோம். நான், தேவசகாயம் அண்ணன், வேணி, இன்னும் இரண்டு பேர். எங்களுக்கு முன்னால் பூமாலை பெயரைத்தான் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

“நான் மேஸ்திரிகிட்ட புள்ள தலையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டேன். எனக்கு பதிலா யாராவது போட்டுக்கங்க.”

“நீயாம்மா பயப்படற?” என்று யாரோ கேட்டார்கள்.

“எனக்கின்னா பயம்? சத்தியம்னு சொல்றேன்ல” என்றாள். குரல் மட்டும் மயிலம் ரோடு வரைக்கும் போகவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கே தேய்ந்துதான் கேட்டது.

பிரசாரம் முடிகிற அன்றைக்குச் சாயங்காலம் கோகுலகிருஷ்ணன் காலனிக்கு வந்தார். ஆட்டோவில் அவரும் டிரைவரும்தான். தொண்டை கட்டியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மற்ற வருஷமாக இருந்தால் ஆரத்தி எடுத்திருப்போம். அன்றைக்குத் தெருவில் ஆளே இல்லை. கதவைச் சாத்தவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. எல்லாரும் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெரு முனையில் வல்லரசுவின் ஆள் ஒருத்தன் பைக் மேல் உட்கார்ந்து செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

அவர் நேராக பூமாலை வீட்டு வாசலுக்கு வந்தார். “பூமாலை, கொஞ்சம் தண்ணி குடும்மா.”

அவள் வாசல்படியில் நின்றாள். அவரைப் பார்த்தாள். பைக்கைப் பார்த்தாள். கோகுலகிருஷ்ணனும் திரும்பிப் பைக்கைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“இருக்கட்டும்மா. ஆட்டோல இருக்குது” என்று சொல்லித் திரும்பினார். ஆட்டோவில் இல்லை, எனக்குத் தெரியும். அவர் நாலு எட்டு வைத்திருப்பார். பூமாலை உள்ளே ஓடினாள். சொம்போடு வந்தாள். தெருவில் இறங்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து முடிக்கிற வரைக்கும் பைக்கில் இருந்தவன் செல்போனை இறக்கவில்லை.

மறுநாள் மில் இருந்தது. காலையில் வேலை பிரிக்கும்போது வல்லரசு, “புகழேந்தி, இன்னிக்கு லாரி வாணாம். நீ உள்ள வா. பழைய அட்டிய பிரிக்கணும், அடியில நின்னு வாங்கு” என்றான். மேலே ஏறி மூட்டை தள்ளியவர்கள் அவனுடைய ஆட்கள் இரண்டு பேர். நான் லாரியில் இருந்தேன். அங்கிருந்து எனக்குக் கொடோன் பாதிதான் தெரியும். பூமாலை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முழுசாகத் தெரியும்.

மூட்டை ஒவ்வொன்றாக இறங்கியது. ஒவ்வொன்று விழும்போதும் தொப்பென்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை நின்றது. வேணி பிறகு சொன்னாள், அன்றைக்கு அவள் பொறுக்கிய பருப்பில் கல்லும் சொத்தையும் அப்படியே கிடந்ததாம். மத்தியானம் ஒரு மூட்டை குறி தவறி அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மேலே இருந்தவன், “சாரிப்பா, கை வழுக்கிடுச்சி” என்றான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. புகழேந்தி சாயங்காலம் தூசியைத் தட்டிக்கொண்டு முழுசாக வீட்டுக்கு வந்தான். நடப்பதற்கு நாளைக்கும் நாள் இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. ஓட்டு போட்டு அதை எண்ணுகிற வரைக்கும் ஒன்றரை மாசம். அட்டி அதுவரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

எங்கள் பூத்தில் தையல் மெஷினுக்கு எத்தனை விழுந்தது என்பதை நான் இங்கே எழுதமாட்டேன். இன்னும் அதே மில்லில்தான் மூட்டை தூக்குகிறேன். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே பூமாலை பையனைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டாள். ஓசூர் என்கிறார்கள், பெங்களூர் என்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. கடைசியாக அவள் என்னிடம் பேசியது ஓட்டு போடுகிற அன்றைக்குக் காலையில்தான். அதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஏஜென்ட்டுகள் விடிவதற்குள்ளேயே பள்ளிக்கூடத்துக்குள் போய்விட வேண்டும். நான் பல் குச்சியோடு அந்தப் பக்கம் போனேன். கேட்டுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள். சேலைத் தோளில் ஏஜென்ட் பேட்ஜ் கோணலாகக் குத்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோரம் இழுத்தாள்.

“அண்ணே, அந்த அஞ்சு வாணாம்.”

“இன்னாம்மா சொல்ற?”

“ஒண்ணு கூட வாணாம்ண்ணே. அஞ்சு வுழுந்தா கண்ணு தெரியாத கெழவிங்கன்னு அவன் நெனைக்க மாட்டான். நான்னுதான் நெனைப்பான். ஒண்ணு வுழுந்தாலும் நான்தான். நீ போட வாணாம். மத்த நாலு பேரயும் பாத்துச் சொல்லிடு. நான் உள்ள போய்ட்டா வெளிய வர முடியாது.”

“தீர்மானம் போட்டாச்சும்மா. தேவசகாயம் அண்ணன் ஒத்துக்க மாட்டாரு. பூமால பயந்துட்டான்னு சொன்னா அவரு நம்பவே மாட்டாரு.”

உள்ளேயிருந்து யாரோ ஏஜென்ட் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“நான் சொன்னேன்னு சொல்லாதண்ணே. கட்சி சொல்லிச்சின்னு சொல்லு.”