மாதுளந்தோலும் அண்ணியின் முன்பல்லும்

பல் மருத்துவக் கல்லூரியின் கிருமி ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆட்டோகிளேவ். கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி போக்கும் பாத்திரம் அது, குக்கருக்குப் பெரியப்பா. மூடியைத் திருகிவிட்டால் சாதுவாக உட்கார்ந்திருக்கும். திடீரென்று உஸ்ஸென்று கிளம்பும்போது பக்கத்தில் நிற்பவர் துள்ளி விழுவார். அந்தப் பெயர் காதில் விழுந்த அன்று, "நான் ஒருத்தி கொதிக்கலேன்னா இங்க எதுதான் சுத்தமா இருக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள்.

மேசையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு டைட்டானியம் வில்லைகள் இருக்கும். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் முடுக்குகிறார்களே, அந்த இம்ப்ளான்ட் திருகும் இதே உலோகம்தான். திருகைச் சுற்றிச் சீழ் பிடித்தவர்களின் வாயிலிருந்து எடுத்த கிருமிகளை அவள் வில்லையின் மேல் வளர்ப்பாள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டும். விட்டுவைத்தால் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் படியும் வழவழப்பு மாதிரி ஒரு படலம் கட்டிக்கொண்டு, உள்ளே குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடும். அதன் மேல் கொய்யா இலை, கிராம்பு, மாதுளந்தோல் என்று ஒவ்வொன்றின் சாற்றையும் விட்டு, எது செத்தது, எது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. காயவைப்பது, பொடிப்பது, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிப்பது எல்லாம் அவள் கைதான். மாலையில் கதவைத் திறக்கும் புருஷன், "இன்னிக்குக் கிராம்பா, கொய்யாவா?" என்பார்.

"மாதுளை. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நகருங்க."

செடிகொடியில் விஷயம் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. மாத்திரைக்கு மசியாத கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கும்போது வேறு வழி தேடத்தானே வேண்டும்? மாதுளந்தோல் சாற்றில் முதலிலேயே நனைத்த வில்லையில் கிருமி ஒட்டவே தயங்கியது. அதைப் பார்த்த அன்று அவள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். ஆனால் படலம் கட்டி முடித்த வில்லையில் அதே சாற்றை ஊற்றியபோது, எருமை மேல் மழை பெய்த கதையாகப் போயிற்று.

டி.வி.க்காரர்கள் வந்தபோது துறைத் தலைவர் முதல் பாதியை மட்டும் சொன்னார். "மாதுளந்தோலுக்கு முன்னாடி எந்தக் கிருமியும் நிக்காது" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவர் பேசப் பேச, திரையில் வில்லை பிடித்த இவள் கைகள் ஓடின.

மறுநாள் காலை அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"ஒட்டறதுக்கு முன்னாடி தடுக்குது சார். ஒட்டினப்புறம் ஒண்ணும் கிழிக்கலை. அதை ஏன் சொல்லலை?"

"டி.வி.யில எல்லாத்தையும் சொல்ல முடியுமாம்மா? ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்."

"நம்பிக்கைக்கு வேற இடம் இருக்கு சார். இது பல்லு."

அன்று முழுக்கப் பீங்கான் உரலில் எதையோ இடித்துக்கொண்டே இருந்தாள். யாரும் கிட்டே போகவில்லை.

அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், புருஷனுக்கு அக்கா, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்லும் குரல் அவருடையது. ஒரு மழை நாளில் படியில் வழுக்கி விழுந்து மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் போயின. 'ச' சொன்னால் விசில் வந்தது. மேலதிகாரி மைக்கை வாங்கிக்கொண்டு, தொலைந்த பொருள் கொடுக்கும் ஜன்னலில் உட்காரவைத்தார். இம்ப்ளான்ட் வைத்து, எலும்பு அதைப் பிடித்து, மேலே பல் மாட்டும்வரை அண்ணி ஊரார் மறந்த குடைகளோடு குடித்தனம் நடத்தினார். திரும்ப மைக் கிடைத்த நாளில், ஓய்வுபெறும்வரை இதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று தம்பியிடம் சொல்லி அழுதார்.

அந்த அண்ணி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். பரிமாறக் குனிந்தவளின் மூக்கில் முதலில் கிராம்பு வாசனை பட்டது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. வருஷக்கணக்காக மோந்த வாடை. கரண்டி கையிலேயே நின்றது.

"அண்ணி, வாயைத் திறங்க."

"சோத்துல கையை வெச்சிருக்கேன், இப்பப் போய்..."

"திறங்கன்னேன்ல!"

கையைக் கழுவிவந்து ஈறை விரலால் அழுத்தினாள். திருகின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொட்டு வெளியே வந்தது. புருஷன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நடுவுல கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. அப்புறம்தான் உன் மருந்தை ஆரம்பிச்சேனே. வலி பறந்துடுச்சு."

"என் மருந்தா?"

"மாதுளந்தோலைக் கொதிக்கவெச்சு, நாலு கிராம்பு தட்டிப் போட்டு, காலையிலயும் சாயந்திரமும் கொப்புளிக்கிறேன். டாக்டர் சுத்தம் பண்ண வரச் சொன்னாரு. எதுக்கு வீணான்னு போகலை." அண்ணியின் முகத்தில் பெருமை வழிந்தது. "உனக்குத் தெரியாமலே குணமாகிட்டு, அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். டி.வி.யில உறை மாட்டின கையைத்தான் காட்டினான். அந்தக் கோணல் சுண்டுவிரலை வெச்சே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. நம்ம வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்சது இருக்கும்போது ஊரான் மருந்து எதுக்கு?"

"கிராம்பு மரத்துப்போக வைக்கும் அண்ணி! வலி போனா நோய் போச்சுன்னு அர்த்தமா? திருடன் உள்ள புகுந்திருக்கான், நீங்க குரைக்கிற நாயோட வாயைக் கட்டியிருக்கீங்க!"

"ஏன் இப்படிக் கத்தறே? நிலையத்துல பாதிப் பேர் இதைத்தான் கொப்புளிக்கிறாங்க. நான்தான் சொன்னேன்."

அவள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை பல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு திருகைச் சுற்றி எலும்பு கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. கருவியால் தட்டினால் ஆடியது. அதை எடுத்தே ஆக வேண்டும். இன்னொன்றுக்குப் பாதி எலும்பு மிச்சம். ஈறைத் திறந்து சுரண்டிச் சுத்தம் செய்து பார்க்கலாம். அதுவும் போனால் இரண்டு பல் இடைவெளி, மறுபடி விசில், மறுபடி குடைகள்.

"இலை தழையை வேகவெச்சுக் கொப்புளிக்கிற காலமா இது?" என்றார் டாக்டர். "படிச்சவங்க இருக்கிற வீடுதானே?"

"இலை தழையைக் குறை சொல்லாதீங்க டாக்டர். அதை எங்க வைக்கணும், எப்ப வைக்கணும்னு சொல்லாதவங்களைச் சொல்லுங்க. திருகைச் சுத்தி எப்படித் தேய்க்கணும்னு இவங்களைக் கண்ணாடி முன்னாடி நிறுத்தி ஒரு நாளாவது காட்டினீங்களா?"

"வாயால சொல்லி அனுப்பினோமே."

"வாயால சொல்றது உங்களுக்கு. வாயில இருக்கிறது இவங்களுக்கு."

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போடப் பார்த்தார். உறைக்குள் அது சீக்கிரம் போகவில்லை.

ஆடிய திருகை எடுத்தார்கள். இன்னொன்றைச் சுற்றி ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைத்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு தற்காலிகப் பல் கட்டிக் கொடுக்க அச்சு எடுத்தார்கள். மறுநாள் துறைத் தலைவரிடம் நடந்ததைச் சொல்லி, டி.வி.க்காரர்களைக் கூப்பிட்டு மீதிப் பாதியையும் சொல்லச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கெல்லாம் அவங்க வரமாட்டாங்கம்மா. ஆமா, தோலைக் கொப்புளிச்சதுல ஆரம்பத்துல வீக்கம் குறைஞ்சுதா? கேட்டு வெச்சியா?"

அவர் மேசைமேல் இருந்த நினைவுப் பரிசுகளில் எதை எடுத்து எறியலாம் என்று ஒரு கணம் பார்த்ததாகப் பிறகு புருஷனிடம் சொன்னாள். "எல்லாமே கனமா இருந்துச்சு. அதான் வந்துட்டேன்."

அன்று சாயங்காலம் அண்ணியைப் பார்க்கப் போனபோது, வாசலிலிருந்தே துறைத் தலைவரைத் திட்ட ஆரம்பித்தாள். ஈறில் தையலோடு கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, கையைக் காட்டி நிறுத்தினார். பேசும்போது விசில் அடித்தது. அண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை.

"அந்த ஆள்கிட்ட மறுநாளே போய்ச் சண்டை போட்டியாமே?"

"விடுவேனா?"

"அதே அன்னிக்கு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? வாயில ரெண்டு திருகு வெச்சுக்கிட்டு இருக்கிறவ நான். அந்த ஆளோட வாயில என்ன இருக்கு?"

ஆட்டோகிளேவுக்கு நீராவி எங்கிருந்தும் வரவில்லை. மாசக்கணக்காகக் கோபப்பட்டிருந்தாள், யாரிடமெல்லாமோ. இந்த வீட்டு எண்ணை அழுத்தத் தோன்றவில்லை.

"தோணலை அண்ணி."

"தோணியிருக்கணும்," என்றார் அண்ணி. "செருப்பைக் கழட்டாதே. நிலையத்துக்குப் போகலாம். நான் கெடுத்துவெச்சது அங்க நிறைய இருக்கு," என்று எழுந்தார்.

ஓட்டுநர்கள் ஓய்வறையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அண்ணி உதட்டைத் தூக்கித் தையலையும் ஓட்டையையும் காட்டினார். இவள் ஒவ்வொருவராகக் கேட்டாள்: கட்டுப்பல்லா, இம்ப்ளான்ட்டா, ரத்தம் வருகிறதா, டாக்டரைக் கடைசியாக எப்போது பார்த்தது. இரண்டு பேரை மறுநாளே போகச் சொன்னாள். போகாவிட்டால் வீட்டுக்கே வருவேன் என்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள்.

"அப்ப மாதுளம்பழமே சாப்பிடக்கூடாதாக்கா?" என்றார் ஒரு நடத்துநர், கலவரத்தோடு.

"பழத்தைத் தாராளமாத் தின்னுங்க. தோலை எனக்குக் குடுங்க, ஆராய்ச்சி இன்னும் முடியலை."

தையல் பிரித்த நாளிலிருந்து தினமும் வேலை முடிந்து அண்ணி வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் நின்றாள். அண்ணி கையில் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கினாற்போல் ஒன்று. "உள்பக்கம் அண்ணி. இன்னும் உள்ள. அங்கதான் குடித்தனம் இருக்கு." "மாமியார் கூட இப்படி என் பின்னால நின்னதில்லைடி" என்று நுரையோடு திட்டுவார் அண்ணி. கொப்புளிக்க ஏதாவது கொடேன் என்று கேட்டதற்கு, "தண்ணி" என்றாள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் தானே கண்ணாடியை எடுத்து அண்ணியின் கையில் கொடுத்து, கருவியை ஈறோரம் ஓட்டிக் காட்டினார். சீழ் இல்லை. ரத்தம் ஒரு துளி, அவ்வளவுதான். திருகு ஆடவில்லை. பக்கத்தில் தற்காலிகப் பல் உட்கார்ந்திருந்தது.

"சங்கரன்கோவில், சந்தை வழி செல்லும் வண்டி, ஆறாம் நடைமேடை," என்று அண்ணி நாற்காலியில் படுத்தபடியே சொல்லிப் பார்த்தார். விசில் வரவில்லை.

வெளியே வந்ததும், "இப்பவாவது கோபம் போச்சா?" என்று கேட்டார்.

"இல்லை. நாளைக்கும் ஆறு மணிக்கு வருவேன். பிரஷ்ஷை எடுத்து வைங்க."